ஆர்எக்ஸ்-8ஐ யாரிடம் விற்பது?

இந்த மாதம் மஸ்டா ஆர்எக்ஸ்-8 என்ற ஸ்போர்ட்ஸ் கார் பற்றிப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. முதற் கடிதத்துக்கு நீளமாக எழுதுகிறேன். மற்றவர்களும் அதை வாசித்துவிட்டுத் தங்கள் பதிலுக்கு வாருங்கள், கன விஷயம் பொதுவானது.

கேள்வி: என்னிடம் 2005 இல் பதிவான ஆர்எக்ஸ்-8 இருக்கிறது. 231 குதிரைவலு, ஆறு கியர், 71,000 மைல் ஓடியிருக்கிறது. இரண்டாவது பிள்ளை பிறந்துவிட்டதால் விற்க நினைத்தேன். 2,800 பவுணுக்கு விளம்பரம் போட்டேன், கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி இப்போது 1,700இல் நிற்கிறது. பார்க்க வருகிறவர்கள் பொனற்றைத் திறக்க முன்பே "இந்தக் காரின் எஞ்சின் நிலைக்காதே" என்கிறார்கள். உடனே காசு தந்து வாங்கும் கம்பனி ஒன்று நானூறு சொச்சம் தருகிறதாம். காரில் ஒரு குறையும் இல்லை. என்ன செய்யலாம்?
— வாசகர், ஹரோ

பதில்: தம்பி, முதல் வேலையாக விலையை இறக்குவதை நிறுத்துங்கள். வேறு காராக இருந்தால் விலை குறையக் குறைய ஆட்கள் கூடுவார்கள். ஆர்எக்ஸ்-8 அப்படி இல்லை. அந்தக் காரை அறிந்தவன் மலிவு விலையைக் கண்டதும் "எஞ்சின் போய்விட்டது, தலையில் கட்டப் பார்க்கிறான்" என்றுதான் நினைப்பான். அறியாதவனோ எந்த விலைக்கும் வாங்கமாட்டான். நீங்கள் இறக்கிய ஒவ்வொரு நூறு பவுணும் அவர்களுடைய சந்தேகத்தைத்தான் கூட்டியிருக்கிறது.

இந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் அதை உடைக்கலாம். ஆர்எக்ஸ்-8 வந்தது 2003 இல். அந்த வருடமே அதன் எஞ்சினுக்கு உலகின் சிறந்த எஞ்சின் விருது கிடைத்தது. 1.3 லீற்றர்தான், ஆனால் நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை இழுத்துக்கொண்டு போகும். இது ரோட்டரி எஞ்சின்: பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை, கேம் இல்லை. முக்கோண வடிவ ரோட்டர்கள் இரண்டு, நிலக்கடலைக் கோது போன்ற அறைகளுக்குள் சுழல்கின்றன. ஒவ்வொரு ரோட்டரின் மூன்று மூலையிலும் ஒவ்வொரு சீல். அந்தச் சீல்கள் சுவரோடு ஒட்டி உராய்ந்துகொண்டே போகவேண்டும். அதற்காகத்தான் எஞ்சின் தன் ஒயிலையே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தெளித்து எரிக்கிறது. ஒயில் குறைவது நோய் அல்ல, அந்த எஞ்சின் செய்யப்பட்ட விதமே அப்படி.

வாங்கிய ஆட்களில் பலருக்கு இதை ஒருத்தரும் சொல்லிக்கொடுக்கவில்லை. 1.3 லீற்றர் கார்தானே என்று வாங்கினார்கள். சேர்விஸ் நாள் வரும்வரை ஒயில் அளவு பார்க்கும் கம்பியைத் தொடவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு மூன்று நிமிடத்தில் வீட்டுக்கு வந்து நிறுத்தினார்கள். பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயில் பழுதானபோதும் தடுக்கித் தடுக்கி ஓட்டினார்கள், எரியாத பெற்றோல் போய், புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக்கை உருக்கியது, அடைபட்ட கற்றலிற்றிக் எஞ்சினைச் சுட வைத்தது. இப்படி வதைபட்ட எஞ்சின்கள் நிறையச் செத்தன. அமெரிக்காவில் மஸ்டா எஞ்சினுக்கு உத்தரவாதத்தை எட்டு வருடம் அல்லது 100,000 மைல் என்று நீட்டவேண்டி வந்தது. பெயர் கெட்டது அப்படித்தான்.

இந்த எஞ்சினுக்கு இது புதிதும் அல்ல. ஜெர்மனியில் என்எஸ்யு நிறுவனம் 1967 இல் ரோட்டரி எஞ்சினோடு ரோ 80 என்ற காரை விட்டது. அடுத்த வருடம் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பரிசும் வாங்கியது. பிறகு உத்தரவாதத்தில் எஞ்சின் மாற்றிக் கொடுத்தே அந்த நிறுவனம் நொந்துபோனது, 1969 இல் வோக்ஸ்வாகன் கைக்குப் போய்விட்டது. மஸ்டா மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு 1991 இல் ரோட்டரி எஞ்சினோடேயே லு மான் 24 மணிநேரப் பந்தயத்தை வென்றது. 24 மணிநேரம் முழு வேகத்தில் ஓடி முதலாவதாக வந்த எஞ்சினைப் "பலவீனமானது" என்று ஒருவர் சொன்னால் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். அதே குடும்பத்து ஆர்எக்ஸ்-7 இன்று என்ன விலை போகிறது என்று பாருங்கள். உங்கள் காரை மட்டும் ஏன் தெருவில் விட்டுக்கொடுக்க வேண்டும்?

சரி, வேலைக்கு வருவோம். "காரில் ஒரு குறையும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அது எப்படித் தெரியும்? நன்றாக ஓடுகிறது என்பது ஒரு சான்று அல்ல. ஆர்எக்ஸ்-8க்குச் சான்று ஒன்றே ஒன்றுதான், கம்பிரஷன் சோதனைத் தாள், அதாவது எஞ்சின் உள்ளே காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று அளந்த தாள்.

இதைப் பக்கத்துக் கராஜில் செய்யக்கூடாது. சாதாரண கம்பிரஷன் அளவி ரோட்டரின் மூன்று முகங்களில் எது கூடியதோ அதை மட்டும்தான் காட்டும். ஒரு முகம் நன்றாக இருந்து மற்ற இரண்டும் போயிருந்தாலும் முள் மேலேதான் நிற்கும். ரோட்டரிக்கென்று உள்ள கருவி ஆறு எண்களைத் தரும், இரண்டு ரோட்டருக்கும் மும்மூன்று. எஞ்சின் சூடாக இருக்கவேண்டும், பற்றரி முழுச் சார்ஜில் இருக்கவேண்டும், கிடைக்கும் அளவை நிமிடத்துக்கு 250 சுற்றுக்குச் சரிப்படுத்தி எழுதவேண்டும். சுற்று வேகத்தை எழுதாமல் எண்களை மட்டும் தரும் தாளைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள். மஸ்டாவின் கணக்கில் நல்ல எஞ்சினின் அழுத்தம் 8.3 பார் (அழுத்த அலகு) மட்டில் நிற்கும், 6.8க்குக் கீழே போனால் எஞ்சின் தேறாது. ஒரே ரோட்டரின் முகங்களுக்கிடையே 1.5க்கு மேலும், இரண்டு ரோட்டருக்கிடையே 1க்கு மேலும் வித்தியாசம் இருக்கக்கூடாது.

அந்தச் சோதனை நடக்கும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். பெற்றோலையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு ஸ்ரார்ட்டரை மட்டும் சுற்றுவார்கள். நல்ல எஞ்சின் என்றால் பிளக் ஓட்டையிலிருந்து காற்று "சுப், சுப், சுப்" என்று ஒரே தாளத்தில் வரும். ஒரு மூலைச் சீல் போயிருந்தால் அதன் இரு பக்க முகங்களும் கெட்டு, மூன்றில் இரண்டு "சுப்" மெலிந்து, தாளம் நொண்டும். கருவியில் எண் வர முன்பே காது சொல்லிவிடும். நான் வருகிற ஆர்எக்ஸ்-8 எல்லாவற்றுக்கும் முதலில் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் கேட்பேன்.

எண்கள் நன்றாக வந்தால் பழைய 2,800க்கே திரும்புங்கள். பழைய விளம்பரத்தைத் திருத்தவேண்டாம், எடுத்துவிட்டு ஒன்றிரண்டு வாரம் கழித்துப் புதிதாகப் போடுங்கள். ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், பொருள் இப்படி இருக்கட்டும், உங்கள் காருக்குப் பொருந்துவதை மட்டும் போடுங்கள்:

"231 குதிரைவலு, ஆறு கியர். முதற் பதிவு 2005, ஆகவே வருட வரி குறைந்த வகை (2025 ஏப்ரல் கட்டணப்படி 430 பவுண்). லண்டன் யூலெஸ் (புகை கூடிய வாகனங்களுக்கான நாட்) கட்டணம் இல்லை. கம்பிரஷன் சோதனை இந்த மாதம் செய்தது, ஆறு எண்களும் சுற்று வேகமும் படத்தில். கொயில், பிளக் மாற்றிய பில்கள் உண்டு. ஒயில் எரிக்கும், பெற்றோல் கலனுக்கு 20 மைல் மட்டில்தான். பின் சக்கர வளைவில் துரு தொடங்குகிறது, கிட்டப் படம் போட்டிருக்கிறேன். குளிரிலும் சூட்டிலும் ஸ்ரார்ட் பண்ணிக் காட்டுவேன்."

குறையை ஏன் நாமே எழுதவேண்டும் என்று யோசிப்பீர்கள். பெற்றோலையும் ஒயிலையும் கேட்டுப் பயப்படுகிறவன் எப்படியும் வாங்கப்போவதில்லை. அவன் உங்கள் ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொண்டு, காரைச் சுற்றி வந்து, "கடைசி விலை என்ன?" என்று கேட்டுவிட்டுப் போகாமல் இருந்தாலே பெரிய உதவி. உங்களுக்குத் தேவை ஒரே ஒரு ஆள். அவனுக்கு இந்தக் காரைத் தெரியும், வேலைக்குப் போக வேறு கார் இருக்கும். அப்படிப்பட்டவனுக்கு இந்த விளம்பரத்தின் ஒவ்வொரு வரியும் "இவன் விஷயம் தெரிந்தவன், காரைப் பார்த்திருக்கிறான்" என்று சொல்லும். அவன் பொது விளம்பரங்களைவிட ஆர்எக்ஸ்-8 சொந்தக்காரர் சங்கங்களிலும் ரோட்டரி வேலை மட்டும் செய்யும் கராஜ்களிலும்தான் அதிகம் இருப்பான். சோதனை செய்த இடத்திலேயே ஒரு அறிவித்தலை ஒட்டிவிட்டு வாருங்கள்.

யூலெஸ் பற்றிக் கட்டாயம் எழுதுங்கள். 2023 ஓகஸ்ட் 29 முதல் லண்டன் முழுக்க அது வந்துவிட்டது, உங்கள் ஹரோவும் அதற்குள்தான். பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்றால் நாளுக்கு 12 பவுண் 50 கட்டவேண்டும் என்று கனபேர் தாங்களே முடிவு செய்துவிடுகிறார்கள். பெற்றோல் காருக்கு யூரோ 4 என்ற புகைத் தரம் போதும், ஆர்எக்ஸ்-8 பொதுவாக அதற்குள் வரும். லண்டன் போக்குவரத்துத் துறையின் தளத்தில் உங்கள் இலக்கத்தைப் போட்டு, வரும் பதிலையும் படம் பிடித்துப் போடுங்கள்.

இனி, ஆள் பார்க்க வரும் நாள். அன்று காலையில் காரைக் கழுவுவதற்காக ஸ்ரார்ட் பண்ணி, பத்து அடி நகர்த்தி, நிறுத்திவிடாதீர்கள்! ரோட்டரி எஞ்சினுக்கு இதைவிடக் கெடுதல் வேறு இல்லை. குளிரில் கூடுதலாக வந்த பெற்றோல் எரியாமல் பிளக்கை நனைத்துவிடும், ஆள் வந்து நிற்கும்போது எஞ்சின் சுற்றும், பற்றாது. அத்தோடு கதை முடிந்தது. முதல் நாளே கழுவி நிறுத்திவிடுங்கள். வருகிறவர் முன்னால் குளிரில் ஸ்ரார்ட் பண்ணுங்கள். பொனற்றைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இருபது நிமிடமாவது ஓடி வந்தபிறகு எஞ்சினை நிறுத்தி, பத்து நிமிடம் நின்று கதையுங்கள். பிறகு அவர் கையில் திறப்பைக் கொடுத்து அவரையே ஸ்ரார்ட் பண்ணச் சொல்லுங்கள். சீல் தேய்ந்த ஆர்எக்ஸ்-8 சூட்டில்தான் மக்கர் பண்ணும், விஷயம் தெரிந்த ஆள் அதைப் பார்க்கத்தான் வருகிறார். சிலர் வேகமான ஸ்ரார்ட்டர் மோட்டாரைப் போட்டு இந்தக் குறையை மறைப்பதுண்டு. உங்களுடையது பழைய ஸ்ரார்ட்டரே என்றால் அதையும் சொல்லுங்கள், சூட்டில் உடனே பற்றினால் அது உங்கள் பக்கத்துக்கு நல்ல சாட்சி.

"ரைமிங் பெல்ற் எப்போது மாற்றினீர்கள்?" என்று கேட்டால், ஆள் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்திருக்கிறார் என்று அர்த்தம். இந்த எஞ்சினில் அது கிடையாது. கோபிக்காமல் விளங்கப்படுத்துங்கள், ஆனால் அன்றே விற்றுவிடலாம் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எண்கள் மோசமாக வந்தால்? அப்போதும் அந்தத் தாளை ஒளிக்காதீர்கள். எஞ்சின் பிரித்துக் கட்டச் சில ஆயிரம் பவுண் போகும், காரின் விலையைவிடக் கூட. அந்தச் செலவைச் செய்துவிட்டு விற்று லாபம் பார்க்க முடியாது. எண்களோடேயே, எஞ்சின் கட்டவேண்டிய கார் என்று விலை போட்டு விளம்பரம் செய்யுங்கள். தானே எஞ்சின் கட்டுகிறவர்கள் நல்ல உடம்பும் கியர்பெட்டியும் உள்ள காரைத் தேடுகிறார்கள். உடனே வாங்கும் கம்பனி சொன்ன நானூறைவிட அது மேலாகத்தான் இருக்கும்.

கேள்வி: என்னுடையதும் அதே கார், ஆனால் 2007 பதிவு. வருட வரி 760 பவுண் என்றதும் ஆட்கள் போனை வைத்துவிடுகிறார்கள். இரண்டு வருட வித்தியாசத்துக்கு இவ்வளவா?
— வாசகர், குறோய்டன்

பதில்: வருடக் கணக்கு அல்ல, நாள் கணக்கு. 2006 மார்ச் 23 அன்றோ அதற்குப் பிறகோ முதன்முதலில் பதிவான கார்களில், கிலோமீற்றருக்கு 255 கிராமுக்கு மேல் கரியமிலவாயு விடுபவை உச்ச வகைக்குள் போகும். ஆர்எக்ஸ்-8 அந்த எல்லையைத் தாண்டியது. அதற்கு முன் பதிவானவை கே வகையோடு நின்றுவிடும். 2025 ஏப்ரலில் வந்த கட்டணப்படி ஒன்று 760, மற்றது 430. வருடத்துக்கு 330 பவுண் வித்தியாசம். வாங்குகிறவர் மூன்று வருடம் வைத்திருக்க நினைத்தால் ஏறக்குறைய ஆயிரம் பவுணை மனதுக்குள் கழித்துவிட்டுத்தான் உங்களிடம் விலை பேசுவார். இது நியாயமான கணக்கு, இதோடு மல்லுக்கட்ட முடியாது. விலையில் இதைச் சேர்த்துத்தான் ஆகவேண்டும்.

ஆனால் ஒன்று செய்யலாம். இந்தக் காரை வருடம் முழுக்க ஓட்டவேண்டும் என்று சட்டமா? கோடையில் ஓட்டி, மாரியில் வீதிக்கு வெளியே வைத்துச் சோர்ன் (கார் வீதியில் ஓடாது என்ற அறிவித்தல்) கொடுத்தால் மீதியுள்ள முழு மாதங்களின் வரி திரும்பி வரும். அரை வருட வரி என்று பார்த்தால் 760 அவ்வளவு பயமுறுத்தாது. இப்படி வைத்திருக்க வாகன முற்றம் உள்ளவரைத் தேடுங்கள். இலையுதிர் காலத்தில் விளம்பரம் போடாமல் மார்ச், ஏப்ரலில் போடுவதும் இதனால்தான். அப்புறம், உங்கள் கார் 2008க்குப் பிந்திய மாற்றியமைத்த வடிவமாக இருந்திருந்தால் கதை கொஞ்சம் வேறு. அதில் ஒயில் தெளிக்கும் முறையைத் திருத்திவிட்டார்கள், அதற்கென்றே தேடி வரும் ஆட்கள் வரியைப் பற்றி வாய் திறக்கமாட்டார்கள்.

கேள்வி: கணவரின் ஆர்எக்ஸ்-8 இரண்டு வருடமாக வீட்டு முற்றத்தில் நிற்கிறது. விற்கவும் மனமில்லை, ஓட்டவும் நேரமில்லை. இப்போதுதான் சம்மதித்திருக்கிறார். எஞ்சின் பழுதாகக் கூடாது என்று ஒவ்வொரு கிழமையும் இரண்டு நிமிடம் ஸ்ரார்ட் பண்ணி நிறுத்துகிறார். அது போதுமா?
— வாசகி, இல்ஃபோர்ட்

பதில்: அக்கா, அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அவர் அக்கறையோடுதான் செய்கிறார், ஆனால் இந்த எஞ்சினுக்கு அந்த இரண்டு நிமிடம் நஞ்சு. ஸ்ரார்ட் பண்ணினால் வெப்பமானி முள் நடுவுக்கு வரும்வரை ஓடவேண்டும், இல்லையென்றால் தொடவே கூடாது.

இப்போது வரிசையாகச் செய்யவேண்டியது: பற்றரியைக் கழற்றிச் சார்ஜ் போடுங்கள், தேறாவிட்டால் புதிது. தாங்கியில் பழைய பெற்றோல் கொஞ்சமாக இருந்தால் புதிய பெற்றோல் ஊற்றுங்கள். நாலு பிளக்கையும் மாற்றச் சொல்லுங்கள். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று ஜோடிக்கு ஜோடி வேறு வகை, இடம் மாறக்கூடாது. பிறகும் பற்றாவிட்டால் எஞ்சின் உள்ளே பெற்றோலில் நனைந்து கிடக்கிறது என்று பொருள். வேகமிதியை முழுதாகத் தரைவரை அமத்திப் பிடித்துக்கொண்டு சில விநாடி ஸ்ரார்ட்டரைச் சுற்றினால் பெற்றோல் வருவது நின்று, காற்று மட்டும் போய் உள்ளே உலரும். காலை எடுத்துவிட்டுத் திரும்ப முயலுங்கள். ஸ்ரார்ட் ஆனதும் நிறையப் புகைக்கும், பயப்படவேண்டாம்.

சோர்னில் உள்ள கார் என்றால் வீதியில் எடுக்கமுடியாது, ஒரு விதிவிலக்கோடு: முன்கூட்டியே நேரம் எடுத்த எம்.ஓ.ரி. என்ற வருடாந்தத் தகுதிச் சோதனைக்கு நேராக ஓட்டிப் போகலாம். இன்சூரன்ஸ் இருக்கவேண்டும். புதிய எம்.ஓ.ரி. இல்லாமல் இந்தக் காரை விற்கப் போகாதீர்கள். வாங்குகிறவர்கள் அரசாங்கத் தளத்தில் இலக்கத்தைப் போட்டுப் பழைய எம்.ஓ.ரி. எல்லாவற்றையும், அன்றன்று ஓடியிருந்த மைலையும் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். இரண்டு வருட வெற்றிடம் அவர்களுக்கும் தெரியும். அது ஏன் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். கணவரை விற்பனை முடியும்வரை கூடவே நிற்கச் சொல்லுங்கள். அந்தக் காரைப் பற்றி அவரைப் போல வேறு ஒருத்தரும் ஆசையாகச் சொல்லப்போவதில்லை, நல்ல வாங்குநர் அதைக் கேட்கத்தான் விரும்புவார்.

கேள்வி: இங்கே யாரும் வாங்காவிட்டால் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி விற்கமுடியாதா?
— வாசகர், ஈஸ்ட்ஹாம்

பதில்: முடியாது. இலங்கை 2020 இல் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 இல் திறந்துவிட்டது உண்மை, ஆனால் பாவித்த கார்களுக்கு வயது எல்லை சில வருடங்கள்தான். இருபது வயதுக் கார் துறைமுகத்தைத் தாண்டாது. இந்தியாவும் மூன்று வருடத்துக்கு மேற்பட்ட பாவித்த காரை விடாது. இங்கேயே பாருங்கள்.

கேள்வி: போன மாதம் என் ஆர்எக்ஸ்-8ஐ விற்றேன். ஒரு கிழமை கழித்து வாங்கியவர் போன் எடுத்து, எஞ்சின் போய்விட்டது, பாதிக் காசு திருப்பித் தா, இல்லாவிட்டால் கோட்டுக்குப் போவேன் என்கிறார். தரவேண்டுமா?
— வாசகர், லூட்டன்

பதில்: நீங்கள் வியாபாரியா, தனியாளா என்பதைப் பொறுத்தது. வியாபாரியிடம் வாங்கினால் 2015 ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பழுதான காரை முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. தனியாளிடம் வாங்கினால் அது இல்லை. ஆனால் நீங்கள் சொன்னது பொய்யாக இருக்கக்கூடாது. "எஞ்சின் புதிதாகக் கட்டியது" என்று எழுதி அது கட்டாததாக இருந்தால், பொய்யான கூற்றுகள் பற்றிய 1967 ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் உங்களிடம் வரலாம். வீதிக்குத் தகுதியில்லாத நிலையில் காரை விற்பதும் குற்றம், அது தனியாளுக்கும் பொருந்தும்.

நீங்கள் எழுதியது உண்மை என்றால் போனில் வாதாடவேண்டாம். எல்லாவற்றையும் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். விளம்பரத்தின் பிரதி, கையொப்பமிட்ட ரசீது, அவருக்கு அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பதிவு மாற்றத்தை வாகனப் பதிவுத் துறையான டி.வி.எல்.ஏ.க்கு அன்றே அறிவித்தீர்களா? இல்லாவிட்டால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு முதலில் அதைச் செய்யுங்கள். அவர் வாங்கும் அபராதச் சீட்டெல்லாம் உங்கள் வாசலுக்கு வரும்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லவேண்டும். பார்க்க இரண்டு மூன்று பேராக வருவார்கள். ஒருவர் உங்களைக் காருக்குள் இருத்தி, "கொஞ்சம் உறுமிக் காட்டுங்கோ" என்பார். பொனற் திறந்தே இருக்கும், உங்களுக்கு முன்னால் ஒன்றும் தெரியாது. மற்றவர் கூலன்ட் போத்தலின் மூடியைத் திறந்து கொஞ்சம் ஒயிலை ஊற்றிவிடுவார். பிறகு "ஐயோ, ஒயிலும் தண்ணியும் கலந்திருக்கு, எஞ்சின் போச்சு" என்று காட்டி அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். இந்த நாட்டில் நடக்கிற மோசடி இது. ஆர்எக்ஸ்-8 எஞ்சின் பற்றி ஏற்கெனவே பயந்து போயிருக்கும் சொந்தக்காரர்தான் இதற்கு லேசாக அகப்படுவார். யார் வந்தாலும் ஒருவர் காருக்குள், ஒருவர் பொனற்றுக்குப் பக்கத்தில் என்று வீட்டில் இரண்டு பேராக நில்லுங்கள். காசு வங்கிக் கணக்குக்கு வந்ததை உங்கள் சொந்தப் போனிலேயே பார்த்தபிறகு திறப்பைக் கொடுங்கள், அவர் போனில் காட்டும் படத்தை நம்பவேண்டாம்.

கேள்வி: எனக்கு 22 வயது. எல்லாரும் வேண்டாம் என்கிறார்கள், ஆனால் எனக்கு ஆர்எக்ஸ்-8தான் வேண்டும். வாங்கலாமா?
— வாசகர், வெம்பிளி

பதில்: வாங்கலாம் தம்பி. இந்த விலையில் பின்சக்கரத்தால் ஓடுகிற, முன்னும் பின்னும் பாரம் சமமாக விழுகிற, நாலு பேர் இருக்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் வேறு கிடைக்காது. அந்தச் சின்ன எஞ்சின் முன் அச்சுக்குப் பின்னால் தாழ்வாக இருக்கிறது, வளைவில் கார் திரும்பும்போது அது உங்களுக்குத் தெரியும். வேண்டாம் என்கிறவர்களில் எத்தனை பேர் அதை ஓட்டிப் பார்த்தார்கள் என்று கேளுங்கள்.

ஆனால் காரைப் பார்க்கப் போக முன்பு இன்சூரன்ஸ் விலை எடுங்கள். உங்கள் வயதுக்கு அது காரின் விலையையே தாண்டலாம், தாண்டினால் இரண்டு வருடம் பொறுங்கள், கார் எங்கும் போய்விடாது. இன்சூரன்ஸ் கட்டுப்படி என்றால் 2006 மார்ச் 23க்கு முன் பதிவான 231 குதிரைவலுக் காரைத் தேடுங்கள். கம்பிரஷன் தாள் கேளுங்கள். தாள் இல்லை, நன்றாகத்தான் ஓடுகிறது என்றால் சோதனைக் காசை நீங்கள் கட்டுவதாகச் சொல்லிப் பாருங்கள். அதற்கும் சம்மதிக்காதவரை விட்டு அடுத்தவரிடம் போங்கள். பின் சக்கர வளைவையும் கதவுக்குக் கீழேயுள்ள விளிம்பையும் விரலால் தடவிப் பார்த்துத் துருப் பாருங்கள். வாங்கியபிறகு இரண்டு முறைக்கு ஒரு முறையாவது பெற்றோல் அடிக்கும்போது ஒயில் கம்பியை இழுத்துப் பாருங்கள், கார் சூடானதும் நல்ல வீதியில் ஒருமுறை 9,000 வரை இழுத்து விடுங்கள். சோதிக்க எங்கே போவது என்று தெரியாவிட்டால் வாங்க முன்பு எனக்கு எழுதுங்கள், காரின் ஆறு எண்களையும் அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.